மூன்று அனார்கலி

நாம் வீட்டில் உருது பேசி வளர்ந்தவர்கள். தமிழ் இலக்கியம் பயிலச் சென்ற முதல் நாளிலேயே நம் ழகரம் பிறழ, வகுப்பே நகைத்தது. அன்று கவிழ்ந்த தலை நிமிரப் பல திங்கள் ஆயின. அதனால்தானோ என்னவோ, நடிகை சுலோசனாவின் வாழ்வு நம் நெஞ்சைத் தொடுகிறது.

1907இல் புனேயில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த அவரது இயற்பெயர் ரூபி மையர்ஸ். தொலைபேசி நிலையத்தில் பணியாற்றியவர், 1920களில் பம்பாய் ஊமைப்படங்களின் முடிசூடா அரசியானார். 1927இல் 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' படத்தில் எட்டு வேடங்கள் பூண்டார்.

1931இல் இந்தியப் படம் பேசத் தொடங்கியது. கண்களால் கதை சொன்னவரின் நாவில் இந்துஸ்தானி படியவில்லை. அவர் சோர்ந்தாரில்லை, ஏறத்தாழ ஓராண்டு ஒதுங்கியிருந்து அம்மொழியைக் கற்றார். 1932இல் 'மாதுரி' பேசும்படத்தின் வாயிலாக மீண்டு வந்தார்.

1928இல் ஊமைப்பட அனார்கலி அவரே. 1935இல் பேசும்பட அனார்கலியும் அவரே. 1953இலோ அனார்கலியாக வந்தவர் பீனா ராய். சுலோசனா, சலீமின் அன்னை! தாம் நாயகியாய் ஒளிர்ந்த கதையிலேயே அன்னையாய் ஒதுங்கி நிற்க எத்துணை மனத்திண்மை வேண்டும்! பின்னரும் சிறு வேடங்களை இகழாது ஏற்றார். 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவரை அடைந்தது. 1983இல் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! நாத் தடுமாறுவது இழுக்கன்று. கற்க நாணுவதே இழுக்கு. நம் வகுப்பில் எவரேனும் பிறழ ஒலித்தால் நாம் நகைப்பதில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் காத்திருக்கிறோம்.