124 சென்டிமீட்டர்

அனந்தபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே விழுப்புரம் போய் பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிற ஆசாமி நான். எங்க வீட்டில் முதல் டிகிரி நான்தான் வாங்கணும். அதனால் லேப் என்றாலே உள்ளங்கை வேர்க்கும். போன செமஸ்டரில் நடந்த கூத்தைச் சொல்றேன், சிரிக்கக் கூடாது.

சோனாமீட்டர் வைத்து கரன்ட்டோட அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்கணும். நீளமான மரப்பெட்டி, அதன் மேலே ஒரு ஸ்டீல் கம்பி, கம்பியின் முனையில் தொங்கும் எடை. கம்பிக்கு மேலே ஏ.சி. சப்ளையில் ஓடும் ஒரு மின்காந்தம். கம்பியைத் தாங்கும் இரண்டு கட்டைகளையும் நகர்த்திக்கொண்டே வந்தால், ஒரு குறிப்பிட்ட நீளத்தில் கம்பி செமையா அதிரும். அதன் மேல் உட்காரவைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். அந்த நீளத்தை அளந்துவிட்டால் மீதி வெறும் கணக்கு.

எனக்கு 62 சென்டிமீட்டரில் காகிதம் விழுந்தது. எடை 2 கிலோ. 9.8-ஆல் பெருக்கினால் இழுவிசை 19.6 நியூட்டன். கம்பியின் நிறை மீட்டருக்கு 1.28 கிராம், அதாவது 0.00128 கிலோ. இழுவிசையை இதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 123.7. கம்பியில் அலை விநாடிக்கு இத்தனை மீட்டர் ஓடுகிறது. இதை நீளத்தின் இரு மடங்கான 1.24-ஆல் வகுத்தால்... 99.8 ஹெர்ட்ஸ்!

பகீரென்றது. இந்தியாவில் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்று ப்ளஸ் டூ பையனுக்கே தெரியும். மூன்று தடவை செய்தேன். அதே 62. ‘‘நீளத்தை டபுள் பண்ணிடு மச்சி, விடை பாதியாயிடும்’’ என்றான் பக்கத்து டேபிள் நண்பன். இன்டர்னல் மார்க் கண்முன் வந்து போக, ரப்பரை எடுத்தேன். 62 போய் 124 வந்தது. விடை 49.9. ஆஹா!

சார் நோட்டைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ‘‘தம்பி, இந்தப் பெட்டியே ஒரு மீட்டர்தான். மீதிக் கம்பியை உங்க ஊர்ல கட்டி அளந்தியா?’’

லேப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

‘‘முதல்ல என்ன வந்துச்சு?’’

‘‘நூறு சார்...’’

‘‘அதுதான்டா சரி! அதை ஏன் அழிச்ச?’’

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். ஏ.சி. கரன்ட் ஒரு சுற்றில் ஒரு தடவை இந்தப் பக்கமும், ஒரு தடவை அந்தப் பக்கமும் உச்சத்துக்குப் போகும். எந்தப் பக்கம் போனாலும் மின்காந்தம் ஸ்டீலை இழுக்கத்தான் செய்யும். ஆக, 50 சுற்றுக்கு 100 இழுப்பு. கம்பியின் அதிர்வெண்ணை இரண்டால் வகுத்தால்தான் கரன்ட்டின் அதிர்வெண். என் கம்பி பொய் சொல்லவே இல்லை. நான்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, எங்க கொல்லைக்குப் போற வழியில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றேன். ‘ஙொய்...’ அதன் சத்தத்தைக் கேட்டுத்தான் கரன்ட் வந்துடுச்சா என்று அப்பா மோட்டார் போடப் போவார். அதன் இரும்புத் தகடுகளும் சுற்றுக்கு இரண்டு தடவை நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகின்றன. அந்த ரீங்காரமும் அடிப்படையில் 100 ஹெர்ட்ஸ்தான். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த நம்பரையா நான் ரப்பர் போட்டு அழித்தேன்!

இன்னொன்று. அந்த 50-கூட எப்போதும் அச்சு அசல் 50 கிடையாது. மின்சாரம் செலவாகிற அளவு உற்பத்தியை மிஞ்சினால் அதிர்வெண் இறங்கும். செலவு குறைந்தால் ஏறும். 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு நாடே ஒன்பது நிமிஷம் லைட்டை அணைத்ததே, அப்போது நாட்டின் மின்தொகுப்பில் அதிர்வெண் 49.7-க்கும் 50.26-க்கும் நடுவே ஆடியது. 50-ஐ முன்கூட்டியே நோட்டில் எழுதிவைத்திருந்தால் இதெல்லாம் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ரெக்கார்டு நோட்டில் இப்போது 62 என்றுதான் இருக்கிறது. ரப்பர் தேய்த்ததில் அந்த இடத்தில் தாள் மெலிந்துபோய் லேசாக ஓட்டை. சார் அதைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மார்க் பத்துக்கு ஏழு. அந்த மூன்று, ஓட்டைக்கான ஃபைன்!