கலக்கிக் கொட்டினாலும் பிரியும்

சின்னாளப்பட்டியில வீடு கட்டுற இடத்துல லாரி இறக்கிட்டுப் போன கலவை ஜல்லிக் குவியலை ஒருதடவை நின்னு பாருங்க. பெரிய கல்லெல்லாம் ஓரத்துல, அடிவாரத்துல கிடக்கும். தூள் நடுவுல அடங்கியிருக்கும். யாரும் பிரிச்சு வைக்கல. சரிவுல உருளும்போது பெரிய கல்லுங்களுக்கு நடுவுல இருக்குற சந்து வழியா சின்னது இறங்கி அங்கேயே தங்கிடும், பெரியது கடைசி வரை உருண்டு போயிடும். முறத்துல அரிசியைக் கொழிச்சுக் குருணையைத் தனியா எடுக்குறவங்களுக்கு இது புதுசு இல்ல. நாமதான் 'கிரானுலர் செக்ரிகேஷன்'னு பேர் வச்சு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்றோம்.

எங்க ப்ராஜெக்ட் ஊது உலை பத்தினது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில ஜேஎஸ்டபிள்யூ ஆலையில இருக்கே, அந்த வகை. உச்சியிலிருந்து கோக் ஒரு அடுக்கு, இரும்புத்தாது ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்திப் போடுவாங்க. கீழே சூடான காற்றை ஊதினா கோக் எரியும். அதுல வர்ற வாயு மேலே ஏறும்போதுதான் தாது இரும்பா மாறும். தூள் சேர்ந்த இடத்துல வாயு சரியா நுழையாது, பெரிய துண்டு இருக்குற பக்கமா ஓடிடும். சுவரோரமா ஓடினா சுவர் சீக்கிரம் தேயும், நடுவுல தாது வேகாது, கோக் செலவு ஏறும்.

அப்போ நல்லா கலந்து போட்டா போதுமே? இல்லைங்க. நடுவுல பெரிய கோக் நிக்கணும்னு வேணும்னேதான் பிரிச்சுப் போடுறாங்க. 1970-கள்ல லக்சம்பர்க்கோட பால் வுர்த் நிறுவனம் கொண்டுவந்த சுழலும் சரிவுத்தொட்டி இதுக்குத்தான் உதவுது. எந்த வளையத்துல விழணும்னு அது முடிவு பண்ணும்.

இதைக் கம்ப்யூட்டர்ல பார்க்க, 1979-ல கண்டல், ஸ்ட்ராக் ரெண்டு பேரும் எழுதின முறை இருக்கு. ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனியா நியூட்டன் இரண்டாம் விதி, மோதினா ஸ்பிரிங் மாதிரி விசை. லேப்டாப் தாங்கணுமேன்னு கோணல்மாணலான கோக்கையும் உருண்டைன்னு வச்சுக்குறோம். உருண்டை அளவுக்கு மேல உருளும். அதை அடக்க 'உருள் உராய்வு'ன்னு ஒரு எண் போடணும்.

அந்த எண் எங்கிருந்து வந்துச்சு? ரிவ்யூல யாரும் கேக்குறதில்ல. ஏதோ பேப்பர்ல இருந்து எடுத்துப் போட்டு கலர் கலரா அனிமேஷன் ஓட்டினா கைதட்டு. என்னைக் கேட்டா அது வெறும் படம்.

கோக் கைக்குக் கிடைக்காததால நாங்க ஜல்லியையே எடுத்தோம். அடியில்லாத டப்பாவுல நிரப்பி மெதுவா மேலே தூக்கி, குவியலோட சரிவுக் கோணத்தை அளந்தோம். கம்ப்யூட்டர்லயும் அதே டப்பா, அதே கோணம் வர்ற வரைக்கும் எண்ணை மாத்தினோம். ஆனா சறுக்கு உராய்வைக் கூட்டி உருள் உராய்வைக் குறைச்சாலும் அதே கோணம் வந்து நிக்கும்! அதனால கோணத்தோட விட்டுடாதீங்க. குவியலை நடுவுலேர்ந்து ஓரம் வரை வளையம் வளையமா அள்ளி, சலிச்சு, எடை போட்டுப் பெரியது எவ்வளவு, சின்னது எவ்வளவுன்னு ஒப்பிட்டுப் பாருங்க. சிவில் லேப்ல சல்லடை செட் இருக்கு, கேட்டா தருவாங்க.