சித்தப்பாவின் வலையும் மிளகுத்தூள் சுழியும்

மாசி மகத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா பட்டினச்சேரி. காரைக்கால் மாவட்டம், திருமலைராயன்பட்டினத்துக்குப் பக்கத்துல கடலோரக் கிராமம். அன்னிக்குத்தான் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு எங்க கடற்கரைக்கு வருவார். எங்காளுங்களுக்கு அவர் சாமி மட்டுமில்ல, மாப்பிள்ளை. அந்தக் கூட்டம், சத்தம், பாயாசம் எல்லாம் முடிஞ்ச மறுநாள் நான் சித்தி வீட்டுப் பின்கட்டுல ஒரு பெரிய அன்னக்கூடை நிறைய தண்ணி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டுற பையனுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு சித்தி நெனச்சிருக்கும் :-)

ஏன் உக்காந்தேன்னு சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது ஒரு ஐப்பசி. சித்தப்பாவும் இன்னும் மூணு பேரும் ஃபைபர் படகுல போய் ராத்திரி வலை விட்டிருக்காங்க. மத்த மூணு பேரும் படுத்துட்டாங்க, காவல் சித்தப்பா. நடுராத்திரி வலைக்கயிறு அறுந்துபோச்சு. "மிதவை வடக்க போகுது, வடக்க விடு"ன்னு சித்தப்பா சொல்லியிருக்கார். "ஐப்பசியில எந்த நீரோட்டம்யா வடக்க போகும்?"னு மத்தவங்க தெக்க விட்டிருக்காங்க. விடியற வரைக்கும் தேடியும் வலை கிடைக்கல. கரைக்கு வந்ததும் பேச்சு கிளம்பிடுச்சு. "தூங்கிட்டான்யா. தூங்கிட்டு கதை விடுறான்." நாலு பங்கு வலை. சித்தப்பா தன் கையிலேர்ந்து பணம் கட்டினார்.

அதுகூட பரவாயில்ல. சேதி கேள்விப்பட்டு ஊருக்கு வந்த நான் பெரிய அறிவாளி மாதிரி, "சித்தப்பா, அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் இந்தக் கரையோர நீரோட்டம் தெக்கதான் ஓடும். பிப்ரவரிக்கு மேலதான் வடக்க திரும்பும். புத்தகத்துலயே இருக்கு"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் எங்கிட்ட கடலைப் பத்திப் பேசறதையே விட்டுட்டார். சாப்டியா, வேலை எப்படி, அவ்ளோதான்.

சரி, அன்னக்கூடைக்கு வருவோம்.

போன வருஷம் ஆபீஸ்ல ஒருத்தன், "பூமி சுத்தறதாலதான் வாஷ்பேசின்ல தண்ணி சுத்திக்கிட்டு இறங்குது, நம்ம பக்கம் ஒரு மாதிரி, ஆஸ்திரேலியாவுல எதிர் மாதிரி"ன்னு அடிச்சு விட்டான். சோதிச்சுப் பாத்துடலாம்னு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் அடியில ஓட்டை போட்டு, தக்கை வெச்சு அடைச்சு, தண்ணி ஊத்தித் திறந்து பார்த்தேன். பத்து தடவையில ஆறு இடம், நாலு வலம். ஊத்தும்போது கையால லேசா இடப்பக்கம் சுத்திவிட்டா இடம், வலப்பக்கம் சுத்திவிட்டா வலம். பூமியைக் காணோம், என் கைதான் இருந்துச்சு.

ஆனா விஷயம் சுத்தப் பொய்யுமில்ல. 1962-ல் அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ஆஷர் ஷப்பிரோங்கறவர் 6 அடி அகலத் தொட்டியில 6 அங்குலம் தண்ணி விட்டு, 24 மணி நேரம் அசையாம வெச்சு, அப்புறம் மெதுவா அடைப்பை எடுத்தார். தண்ணி கடிகாரத்துக்கு எதிர்த் திசையில சுத்திச்சு. 1965-ல் சிட்னியில இதே மாதிரி செஞ்சப்ப கடிகாரத் திசையில சுத்திச்சு. ஆக பூமியோட பிடி இருக்கு, ஆனா ரொம்ப மெல்லிசு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல வர வர இன்னும் மெல்லிசு. எங்க ஊர் கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கு. இங்க ஒரு பெரிய ஊசலைத் தொங்கவிட்டா, அது ஆடுற தளம் ஒரு முழுச் சுத்து திரும்ப 5 நாளுக்கு மேல ஆகும். பாஸ்டன்ல ஒன்றரை நாள்ல முடிஞ்சுடும். அரை நிமிஷத்துல காலியாகிற பக்கெட்டுக்கு 5 நாள் கணக்கு எப்படித் தெரியும்? வாரக்கணக்குல நிக்கிற தண்ணிக்குத்தான் தெரியும். அப்படித் தண்ணி எங்க இருக்கு? கடல்ல.

இப்ப அன்னக்கூடை. தண்ணி அசைவு அடங்கின பிறகு மேல கொஞ்சம் மிளகுத்தூள் தூவினேன். ஒரு சாப்பாட்டுத் தட்டைச் செங்குத்தாப் பாதி முக்கி, ஒரு சாண் தூரம் முன்னால இழுத்து, சட்டுனு வெளியில எடுத்தேன். ரெண்டு சுழி கிளம்பிச்சு. ஒண்ணு இடம், ஒண்ணு வலம். ஜோடியா மாடு பூட்டின மாதிரி மெதுவா நகந்துச்சு. நடுவுல இருக்கிற மிளகு நான் இழுத்த பக்கம் போகுது. ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற மிளகு நேர் எதிர்ப்பக்கம் வருது.

அங்கதான் எனக்கு சுருக்குனுச்சு. மொத்தத் தண்ணியும் ஒரு பக்கம் போகுதுன்னு நான் நினைக்கிற நேரத்துல, சுழியோட ஓரத்துல மாட்டின மிளகு எதிர்ப்பக்கம் போய்க்கிட்டிருக்கு. மிளகுக்குப் பதிலா ஒரு மிதவையை வெச்சுக்குங்க.

வங்காள விரிகுடா முழுக்க இந்த மாதிரி சுழிகள் உண்டு. ஒவ்வொண்ணும் 100, 200 கிலோமீட்டர் அகலம். நாளைக்கு சில கிலோமீட்டர்னு மேற்குப் பக்கமா, அதாவது நம்ம கரையைப் பாத்து நகரும். சிலது மாசக்கணக்குல இருக்கும். படகுல நிக்கிறவனுக்கு சுழின்னே தெரியாது, தண்ணி ஒரு பக்கமா ஓடறதுதான் தெரியும். கண்ணுல மாட்டறது செயற்கைக்கோளுக்குத்தான். கடல் மட்டத்தோட மேடு பள்ளத்தை ரேடார் வெச்சு அளக்குற வேலையை 1992-ல போன டோபெக்ஸ்/பொசைடன்லேர்ந்து, நம்ம இஸ்ரோ பிரெஞ்சுக்காரங்களோட சேர்ந்து 2013-ல் அனுப்பின சரல், 2022 டிசம்பர்ல போன ஸ்வாட் வரைக்கும் செஞ்சிருக்கு. ஒரு சுழியோட நடுவுல மேடோ பள்ளமோ 10, 20 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதையும் அளந்துடறாங்க.

நடுவுல மேடா இருந்தா தண்ணி வெளிய வழியப் பாக்கும். நம்ம அரைக்கோளத்துல ஓடற தண்ணியைப் பூமி வலப்பக்கமாத் திருப்பும். அதனால அந்தச் சுழி கடிகாரத் திசையில சுத்தும். நடுவுல பள்ளமா இருந்தா தண்ணி உள்ள வரப் பாக்கும், சுழி எதிர்த் திசையில சுத்தும். பள்ளச் சுழியில அடியிலேர்ந்து குளிர்ந்த தண்ணி சத்தோட மேல வரும், நுண்பாசி பெருகும், மீன் கூடும். மேட்டுச் சுழியில மேலத் தண்ணி வெதுவெதுப்பாக் குவிஞ்சு சத்தைக் கீழயே அமுக்கி வைக்கும். ஹைதராபாத்ல 1999-ல் ஆரம்பிச்ச இன்காய்ஸ் தினம் மீன் கூடும் இடத்தைச் சொல்றதுகூட கடலோட வெப்பத்தையும் பாசியோட நிறத்தையும் செயற்கைக்கோள்ல பாத்துத்தான்.

இப்ப ஒரு மேட்டுச் சுழி எங்க கரைக்குக் கிழக்கால வந்து நிக்குதுன்னு வெச்சுக்குங்க. கடிகாரத் திசை. அப்போ அதோட மேற்கு ஓரத்துல, அதாவது எங்க கரைப்பக்கம், தண்ணி எங்க போகும்? ஒரு கடிகாரத்தைப் பாருங்க. 9 மணிக்கிட்ட முள் மேல ஏறும்.

வடக்க.

ஐப்பசியா இருந்தாலும் வடக்கதான். புத்தகத்துல இருந்ததும் தப்பில்ல, அது பல வருஷத்துச் சராசரி. சித்தப்பா பார்த்தது ஒரு ராத்திரி. நான் சராசரியை வெச்சு ஒரு ராத்திரியைப் பொய்யாக்கிட்டேன். அன்னிக்கு நிச்சயமா சுழிதான் வந்துச்சுன்னு நான் சாதிக்க வரல. வந்திருக்கலாம். அது போதும், ஒரு மனுஷனைத் தூங்கினவன்னு சொல்லாம இருக்க.

சாயங்காலம் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். தட்டை இழுத்துக் காட்டினேன். ஒரு தீக்குச்சியைக் கிள்ளி ஓரத்துல போட்டேன். அது எதிர்ப்பக்கம் ஊர்ந்து வந்துச்சு. "அன்னிக்கு நீங்க சொன்னது நடக்கக்கூடியதுதான் சித்தப்பா. நான் தெரியாம சிரிச்சுட்டேன்"னேன்.

அவர் கொஞ்ச நேரம் தண்ணியையே பாத்தார். இன்னொரு தீக்குச்சியை எடுத்து அவரே போட்டார். அப்புறம் கேட்டார்: "இது ஒரு எடத்துல எத்தினி நாளு நிக்கும் தம்பி?"

இதுக்கும் ஒண்ணு கொண்டுவந்திருந்தேன். கேக்குக்கு கிரீம் போடுற சுழல் தட்டு மேல கண்ணாடிக் கிண்ணத்துல தண்ணி. தங்கச்சி ஒரே சீரா பத்து நிமிஷம் மெதுவா சுத்தினா (அடுத்த ஜென்மத்துக்கும் சேத்து திட்டினா). உள்ள இருக்கிற தண்ணியும் கூடவே சுத்த ஆரம்பிச்சப்புறம் கேசரிப் பவுடர் கரைச்சதை ஒரு சொட்டு விட்டேன். நிக்கிற தண்ணியில விட்டா புகை மாதிரிப் பரவிக் கலைஞ்சு போயிடும். இதுல கலையல. மேலேர்ந்து அடி வரைக்கும் திரை தொங்கவிட்ட மாதிரி நின்னுச்சு. சுத்தற தண்ணி ஒரு கட்டுக்கோப்புல நிக்கும், சுலபத்துல கலையாது. கடல் சுழி வாரக்கணக்கா நிக்கிறதுலயும் இதுக்குப் பங்கு உண்டு.

"அப்ப நாலஞ்சு நாளு முன்னாடியே தெரிஞ்சா வலையை எந்தப் பக்கம் விடறதுன்னு பாத்துக்கலாம்"னார்.

அப்புறம் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் பேசினார். தண்ணி நிறம் மாறுற கோடு எங்க இருக்கும், அங்க குப்பையும் நுரையும் எப்படிச் சேரும், எந்தக் காத்துக்கு எப்படி இழுக்கும்னு. நான் வாயைத் திறக்கல. இத்தனை வருஷம் கேக்காம விட்டதையெல்லாம் ஒரே நாள்ல கேட்டேன்.

நீங்களும் செஞ்சு பாருங்க மக்கா. பெரிய பாத்திரமா இருக்கணும், தண்ணி நல்லா அடங்கணும், மிளகுத்தூள் கொஞ்சமாத் தூவணும். முக்கியமா, வீட்டு அம்மாகிட்ட கேட்டுட்டுப் பாத்திரத்தை எடுங்க. அந்த அன்னக்கூடையில இன்னும் மிளகு வாசம் போகலைன்னு சித்தி நேத்துகூட போன்ல திட்டுச்சு :-)