லேண்ட்மாஸ்டர் தந்த விமானி



ஒரு மழை விட்டதும் நம்ம கந்தப்பளைக் கான்களில் ஓடும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். கரட், லீக்ஸ் பாத்திகளின் மேல்மண்தான் அப்படிக் கலங்கி ஓடுகிறது. பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு ரே விஜேவர்தன ஞாபகம் வருவார்.

1924இல் பிறந்தவர். கேம்பிரிஜில் பொறியியல் படித்தவர். சிறு விமானங்களைத் தன் கையாலேயே செய்து தானே ஓட்டினார். சிலாபத்துக்குப் பக்கத்திலிருந்த தென்னந்தோட்டத்துக்கும் பறந்துதான் போவார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகும் ஓட்டினார்!

நாம் எல்லோரும் லேண்ட்மாஸ்டர் என்கிறோமே, அந்த இருசக்கர உழவு இயந்திரத்தை 1950களில் உருவாக்கியவரும் இவர்தான். பிற்காலத்தில் அவரே, தான் எருமையைத்தான் இயந்திரமாக்கினேன், விவசாயத்தை அல்ல என்று ஒப்புக்கொண்டார். ஊரே மெச்சிய தன் வேலையைத் தானே குறை சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? கரும்பலகையில் விட்ட பிழையைப் பிள்ளைகள் காட்டினாலே எங்களுக்கு முகம் சுருங்குகிறது.

பிறகு 2010இல் காலமாகும்வரை அவர் பேசியது மண்ணைப் பற்றி. சரிவில் உழவைக் குறையுங்கள், குறுக்கே ஒரே மட்டத்தில் கிளிரிசிடியா வரிசை நட்டு இடையில் பயிர் செய்யுங்கள், வெட்டும் தழையை அங்கேயே போடுங்கள் என்றார். நம்ம குளிருக்குக் கிளிரிசிடியா சரிவராது, வேறு செடி பார்க்க வேண்டும். ஆனால் மட்டம் பிடிக்க மூன்று தடி, ஒரு கயிறு, ஒரு கல் போதும்.

அடுத்த தவணையில் பிள்ளைகளோடு செய்து பார்க்கவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். சரிவில் ஒரு துண்டுக் காணி தர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.