ஆறேறும் மீன்

மே 18, சியாட்டில்

காப்பர் ஆற்று சால்மன் கடைக்கு வந்துவிட்டது. அலாஸ்காவில் மே நடுவில் பருவம் திறந்ததும் முதல் மீன்கள் விமானம் ஏறி இங்கே வந்துவிடும். சாக்ஐ வகையில் தோலோடு துண்டம் வாங்கினேன். விலை அதிகம்தான். கூனி போன்ற பொடி உயிர்களைத் தின்று தின்றே இதன் சதை இப்படிச் செக்கச்செவேலென்று ஆகிறது. பண்ணை மீனுக்குத் தீவனத்தில் நிறமி கலக்கிறார்கள். அலாஸ்காவில் 1990 முதல் மீன் பண்ணைக்கே தடை.

மே 19

தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு ஒப்பவில்லை. "புளியக் கரச்சு ஊத்திக் குழம்பு வைக்காம, சும்மா சுட்டா என்னட்டி ருசி?"

சீலா மீனுக்கு அது சரி. சால்மனோ ஆற்றுக்குள் நுழைந்தபின் இரை எடுப்பதில்லை. நீரை எதிர்த்து ஏறி முட்டையிடும்வரை உடம்பில் சேர்த்த கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு. முகத்துவாரத்தில் பிடிபடும்போது அது முழுசாக இருக்கிறது. ஒமேகா-3 இருப்பதும் அதில்தான். அப்படியும் பண்ணை மீனைவிட இதில் கொழுப்பு குறைவு. கொஞ்சம் அதிகம் வெந்தாலும் சக்கையாகிவிடும்.

முள்ளை இடுக்கியால் பிடுங்கி, உப்பும் மிளகும் தடவி, ஈரத்தை ஒற்றி எடுத்தேன். இரும்புக் கல்லில் தோல் கீழே இருக்கும்படி வைத்து, மிதமான தீயில் தோல் மொறுமொறுப்பாகும்வரை தொடவே இல்லை. பிறகு திருப்பி ஒரே நிமிடம். ஓரத்தில் வெள்ளையாகப் புரதம் நிறையக் கசிந்தால் சூடு மிஞ்சிவிட்டது. இங்கே அரசு சொல்லும் கணக்கு, நடுச்சதையில் 63 டிகிரி செல்சியஸ். இறக்கி எலுமிச்சை பிழிந்தேன்.

மே 20

கடையில் தலையும் நடுமுள்ளும் மலிவாகக் கிடைத்தன. அம்மா புளிக்குழம்பு வைத்தாள். தலைக்கு அதுதான் நியாயம்.

மே 21

அம்மாவுக்கு ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு. சமைத்த சாக்ஐ 85 கிராமில் 570 அலகு இருக்கிறது. 70 வயதுவரை ஒரு நாள் தேவையே 600தான். இவ்வளவு தரும் சாப்பாடு வேறு அதிகம் இல்லை. பி12, செலினியம், நல்ல புரதமும் உண்டு. பண்ணை மீனிலும் ஒமேகா-3 தாராளமாக இருக்கிறது. அதை விஷம்போலப் பேசுவது தப்பு.

மே 23

தினமும் காப்பர் ஆற்று மீன் வாங்கக் கட்டுப்படியாகாது. டின்னில் வரும் சாக்ஐயும் பிங்க் சால்மனும் பெரும்பாலும் கடலில் பிடித்தவையே. முள் மெத்தென்று வெந்திருக்கும். பிசைந்து சேர்த்தால் கால்சியம். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் வதக்கி அம்மா சுறாப்புட்டுப் பக்குவத்தில் கிளறினாள். டின் மீனில் ஏற்கெனவே உப்பு உண்டு. ருசி பார்த்த பிறகே போட வேண்டும்.