காற்றுத் தூரிகை

தொழிற்கருவியொன்றை முதன்முறை வாங்கப் புகுவோர் கண்ணைக் கவரும் உறுப்பையே முதலில் நோக்குவது மக்கள் இயல்பு. தையற்பொறி வாங்குபவர் அதன் மேற்பூச்சைத் தடவிப் பார்க்கிறார். மிதிவண்டி வாங்குபவர் அதன் மணியை அடித்துப் பார்க்கிறார். ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகையை வாங்கப் புறப்பட்டபோது எம் கண்ணும் அவ்வழியே சென்றிருக்கும். எம் அன்னையார் கேட்ட ஒரு கேள்வியே எம்மை வேறு வழியில் திருப்பிற்று. அதனை நேயர்களுக்கு உரைத்தல் பயனுடைத்தென எண்ணுகின்றோம்.

காற்றுத் தூரிகையாவது யாது? எழுதுகோல் அளவினதாகிய ஓர் உலோகக் குழல். அதனுள்ளே ஊசியொன்று ஓடும்; முனையில் நுண்ணிய துளையுள்ள மூக்கு அமைந்திருக்கும். அழுத்தப்பட்ட காற்று அம்மூக்கைச் சுற்றி விரைந்து வெளிப்படுங்கால், வண்ணத்தை ஈர்த்துப் பனிபோல் நுண்துளிகளாகச் சிதறச் செய்யும். இதன் முன்னோடியை 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அப்னர் பீலர் என்பார் ஆக்கினார். 1890களில் சார்லஸ் பர்டிக் என்பார் இக்காலக் கருவியை ஒத்த வடிவை அமைத்தார். நிழற்படங்களைச் செப்பனிடுவோர் கையில் வளர்ந்த இக்கருவி, இன்று ஊர்திகள் மீதும் தலைக்கவசங்கள் மீதும் சிற்றுருவங்கள் மீதும் வண்ணம் தீட்ட உதவுகிறது.

எமக்கு இது வேண்டியிருந்த காரணம் வேறு. யாம் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயம் இன்றில்லை. பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, வீடுகளும் இடிக்கப்பட்டன. எம் குடும்பத்துச் சிறார் அவ்வீட்டின் வடிவையேனும் காணவேண்டும் என்னும் ஆவலால், அட்டையாலும் மெல்லிய பலகையாலும் ஒரு சிறு லயத்தை மேசை மீது கட்டினோம். சுவரின் சுண்ணாம்பு வெண்மை கீழே வரவரச் செம்மண் கறையிற் கரைவதையும், தகரக் கூரையின் துரு ஓரத்தில் அடர்ந்து மேலே செல்லச்செல்ல மெலிவதையும் மயிர்த்தூரிகையால் எமக்குத் தீட்ட இயலவில்லை. துரு ஒட்டவைத்த தாள்போல் நின்றது. நிறம் நிறத்திற் கரையவேண்டுமாயின் காற்றின் துணை வேண்டும் என்று உணர்ந்தோம்.

இதனை அன்னையாரிடம் விளக்கியபோது அவர் கேட்டது இதுதான்: "மருந்தடிக்கிற மாதிரிதானே இதுவும்? மூக்குக்கு என்னப்பா கட்டப் போறீங்க?"

பல்லாண்டுகள் முதுகில் மருந்துத் தோம்பு சுமந்து களைக்கொல்லி தெளித்தவர் அவர். மூக்குக்கு அவர் கட்டியது பழஞ்சேலைக் கிழிசல் ஒன்றே. கிழிசல் நுண்துளியைத் தடுக்காது. நனைந்தபின் நஞ்சை மூக்கோடு ஒட்டவைத்து விடும். மூக்கில் இரத்தம் வடிந்த பெண்களையும், நகம் கறுத்து உதிர்ந்த பெண்களையும் அவர் அறிவார். பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் முற்றிலும் தடை செய்யப்பட்டது 2020ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான். அதற்கு வெகுநாள் முன்னரே அன்னையார் வேலையை விட்டிருந்தார். வண்ணம் அந்நஞ்சைப் போன்றதன்று. ஆயினும் நுண்துளி நுண்துளியே. அது நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லது.

ஆகவே எம் பட்டியலைத் தலைகீழாக்கினோம். முதலில் மூச்சு, இரண்டாவது காற்று, மூன்றாவதே தூரிகை.

மூச்சுக்காக, துகளையும் ஆவியையும் ஒருங்கே தடுக்கும் வடிகட்டிகள் பொருத்திய முகக்கவசம் வாங்கினோம். சாதாரணத் துணிக்கவசமும் தூசிக் கவசமும் கரைப்பான் ஆவியைத் தடுக்கமாட்டா. தொடக்கத்திற்கு நீரிற் கரையும் அக்ரிலிக் வண்ணமே ஏற்றதெனத் தேர்ந்தோம். வெளியே காற்றோட்டமுள்ள சன்னலருகே இடம் அமைத்தோம். கரைப்பான் கலந்த வண்ணத்தைப் பயன்படுத்துவோர் விளக்குச் சுடருக்கும் அடுப்புக்கும் அருகே தெளித்தல் ஆகாது, ஆவி தீப்பற்றும்.

காற்றுக்காக, சேமிப்புக் கலனுடைய சிறு கம்ப்ரெஸர் வாங்கினோம். கலன் இருப்பின் காற்று துடிதுடித்து வாராமல் சீராக வரும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும், அளவு காட்டும் முகப்பும், நீரை வடிக்கும் குப்பியும் இன்றியமையாதன. ஈரம் மிக்க எம் நாட்டுக் காற்றை அழுத்தினால் அது சூடேறும். பின் குளிருங்கால் நீர் பிரியும். குப்பி இல்லையேல் அந்நீர் தீட்டிய பரப்பில் சொட்டி வேலையைக் கெடுக்கும்.

எஞ்சிய பணத்திற்கே தூரிகை. விசையை அழுத்தினால் காற்றும், பின்னால் இழுத்தால் வண்ணமும் வரும் இரட்டைச் செயல் வகையைத் தேர்ந்தோம். மேலே கிண்ணமும், 0.3 மில்லிமீட்டர் மூக்கும் உடையது. 0.2 அளவு மிக நுண்ணிய வேலைக்குரியது, எளிதில் அடைபடும், 0.5 அளவு அகன்ற பரப்புக்குரியது. இடைப்பட்டதே புதியவர்க்கு நன்று.

பயிற்சியை லயத்தின் மீது தொடங்கவில்லை. பழைய செய்தித்தாள் மீது தொடங்கினோம். வண்ணத்தைப் பால் போல் ஓடும் பதத்திற்கு இளக்கி, சதுர அங்குலத்திற்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தத்தில் முதலில் புள்ளிகள், பின் கோடுகள், பின் அடர்ந்து மெலியும் நிழல்கள் எனப் பழகினோம். காற்றை முதலில் திறந்து வண்ணத்தைப் பின் திறத்தலும், வண்ணத்தை முதலில் அடைத்துக் காற்றைப் பின் அடைத்தலும் விதி. கை அசையத் தொடங்கிய பின்னரே வண்ணம் வரவேண்டும். நின்ற கையில் அது குளமாகித் திசையெங்கும் சிலந்திக் கால்களாக ஓடும். அக்ரிலிக் ஊசிமுனையிற் காய்ந்து அடைக்கும்; ஈரத்துணியால் அடிக்கடி மெல்லத் துடைத்தல் வேண்டும். கிண்ணத்திற் குமிழிகள் எழுமாயின் மூக்கு அடைபட்டது அல்லது தளர்ந்தது என்று அறிக. நிறம் மாற்றுந்தோறும் கழுவுதலும், நாள்முடிவில் ஊசியைக் கழற்றி வளையாமல் துடைத்தலும் தீட்டுவதற்கு நிகரான வேலையே.

சில வாரங்களில் கூரையின் துரு தகரத்திலேயே பிறந்தது போல் அமைந்தது. சிறார் அதனைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டுகிறதா என்று நோக்கினர்.

இளைஞர்காள்! இக்கலை கைத்தொழிலாகவும் பயன்தரும். விருப்பமுள்ளோர் தயங்காது கற்க. கடைக்குச் செல்லுமுன் கையிலுள்ள தொகையை எண்ணுக. முகக்கவசத்திற்கும் வடிகட்டிகளுக்கும் ஆகும் செலவை முதலில் எடுத்துத் தனியே வைக்க. எஞ்சியதற்குக் கிடைக்கும் தூரிகை எளியதாயினும் அதுவே போதும். அவ்வளவும் வாங்க இயலாதாயின், இன்னும் இரண்டு மாதம் சேமித்த பின்னர்ச் செல்க.