பெயரிலேயே ரம் இல்லையே!

டீச்சர் இன்று ஒரு பானம் பற்றி எழுதப்போகிறேன். பாதியில் ஓடிவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

விடுமுறைக்கு வந்த என் மகன் எல்லோரும் கூடும் நாளில் 'பீனா கொலாடா' செய்யலாம் என்றான். ரம், அன்னாசிச் சாறு, தேங்காய்க் கிரீம் மூன்றும் சேர்ந்த கரீபியன் பானம். 1954இல் சான் உவான் நகரின் கரீபே ஹில்டன் ஹோட்டலில் ரமோன் மரேரோ என்பவர் உருவாக்கினார் என்பது அந்த ஹோட்டல் சொல்லும் வரலாறு. அதே ஊரில் இன்னொரு உணவகமும் உரிமை கொண்டாடுகிறது. 1978இல் போர்ட்டோ ரிக்கோ இதைத் தன் தேசிய பானமாக அறிவித்தது.

எனக்குப் பிடித்தது அந்தப் பெயர்தான். ஸ்பானிய மொழியில் அதற்கு 'வடிகட்டிய அன்னாசி' என்று பொருள். அவ்வளவுதான்!

அன்றைக்கு என் தம்பி மகனும் வருவதாக இருந்தது. அவன் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) என் தம்பி 52 வயதில் போனது எதனால் என்று உறவுகளுக்குத் தெரியும். விசேஷ வீடுகளில் இவனுக்கு மட்டும் தனியாக ஒரு பாட்டில் குளிர்பானம் வாங்கி வைப்பார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால், "அத்தை, அந்தப் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறதுதான் கஷ்டம்" என்று ஒருமுறை சொன்னான்.

அதனால் எல்லோருக்கும் ஒரே ஜாடி, ரம் இல்லாமல் என்று முடிவு செய்தேன். ரம் இல்லாதபோது மற்ற பொருட்களில் குறை இருக்கக்கூடாது அல்லவா?

அன்னாசியின் அடிப்பகுதியை மோந்து பாருங்கள். இனிய மணம் வர வேண்டும்; புளித்த வாடை என்றால் வேண்டாம். கையில் கனமாக இருக்கட்டும். பறித்த பிறகு அதன் நிறம் மாறும், இனிப்பு கூடாது. எனவே காயை வாங்கிப் பழுக்க வைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

நன்றாக முற்றிய தேங்காயைத் துருவி, கொஞ்சம் வெந்நீர் விட்டு அரைத்து, முதல் பாலை மட்டும் பிழியுங்கள். அதைக் குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைத்தால் கெட்டியாக மேலே திரளும். அதுதான் கிரீம். இதற்கென்று டப்பாவில் வரும் கிரீமில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். வீட்டுக் கிரீமுக்கு நாம்தான் பாகு சேர்க்க வேண்டும். பசும்பால் வேண்டாம். பச்சை அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும்.

நான்கு பேருக்கு 400 மி.லி. அன்னாசிச் சாறு, 200 மி.லி. தேங்காய்க் கிரீம், நான்கு மேசைக்கரண்டி சர்க்கரைப் பாகு, ஒரு எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. ரம் தரும் சுருக்கென்ற காரத்துக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு. நிறைய ஐஸ் போட்டு மிக்சியில் ஓட்டினால் போதும்.

வாசனைக்கு ரம் எசன்ஸ் ஊற்றலாம் என்றாள் மருமகள். வேண்டாம் என்றேன். விட்டவனுக்கு அந்த வாசனையே போதும், பழைய நினைப்பை எழுப்பிவிட.

"ரம் இல்லாம அது என்ன பீனா கொலாடா?" என்று என் மைத்துனர் கேட்டார். "பெயரிலேயே ரம் இல்லையே" என்றேன். சிரித்துவிட்டு இரண்டாவது தம்ளரையும் வாங்கிக்கொண்டார். தம்பி மகன் கையிலும் அதே தம்ளர்தான். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை.

பிள்ளைகளே, உங்களில் பலர் இன்று வீட்டில் விருந்து வைக்கும் வயதில் இருக்கிறீர்கள். குடிப்பதும் குடிக்காததும் அவரவர் பாடு. ஆனால் வந்தவர் வேண்டாம் என்றால் "ஏன்?" என்று கேட்காதீர்கள். அவருக்கென்று தனிப் பாட்டிலும் வைக்காதீர்கள். எல்லோரும் குடிக்கக்கூடிய ஒரு ஜாடியை மேசையின் நடுவில் வையுங்கள்.

செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். இஞ்சி அதிகமானால் டீச்சர் பொறுப்பல்ல!